ஃபார்மேட் பண்ணிடலாமா சார்?

ரெண்டு மாசமா இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவே முடியலை. பேங்க்ல ஆடிட், வீட்ல பொண்ணுக்குப் பரீட்சை. ஆனா போன ஞாயித்துக்கிழமை எங்க வீட்ல நடந்த கூத்தைச் சொல்லாம இருக்க முடியாது. சொல்ல ஒரு கருத்தும் இருக்கு.

எங்க வீட்டுப் பொட்டிக்கு வயசு பதினஞ்சுக்கு மேல. ராம் ரெண்டு ஜிபி. 2025 அக்டோபர் 14-ஓட விண்டோஸ் 10-க்கு சப்போர்ட் நின்னு போச்சு. விண்டோஸ் 11 போடலாம்னா குறைஞ்சது நாலு ஜிபி ராம், டிபிஎம் 2.0 எல்லாம் கேக்குது. "கபாடிவாலாகிட்ட போட்டுடுங்களேன்"னாங்க தங்கமணி. டெல்லியில கபாடிவாலா எடுத்துட்டுப் போற கம்ப்யூட்டர் பல சமயம் போய்ச் சேர்ற இடம் சீலம்பூர். அங்க போர்டை உடைச்சு, ஒயரை எரிச்சு செம்பு எடுக்கறாங்க. அந்தப் புகையில நிக்கறவங்களை நெனச்சா மனசு வரலை. டெபியன் லினக்ஸும் அதுல எல்எக்ஸ்டிஇ டெஸ்க்டாப்பும் போட்டேன். தைவான்ல ஹாங் ஜென் யீ 2006-ல ஆரம்பிச்சது இந்த எல்எக்ஸ்டிஇ. மெமரி கம்மியா இருக்கற பழைய பொட்டிகளுக்கு ஏத்தது. நல்லாத்தான் ஓடிட்டு இருந்துச்சு.

அந்தப் பொட்டியில என்ன இருக்குன்னு சொல்லணும். கோவில்பட்டியிலேர்ந்து எங்க அம்மா போன்ல கதை சொல்லுவாங்க. எந்தக் கல்யாணத்துல யார் கோவிச்சுட்டுப் போனாங்க, எந்தப் பஞ்சத்துல என்ன சாப்பிட்டாங்க, எந்த வயல் எப்படிக் கை மாறுச்சுன்னு எல்லாம் வரும். டெல்லியிலேயே பொறந்து வளர்ந்த என் பொண்ணு, ஆச்சி சொல்லச் சொல்லத் தமிழ்99 கீபோர்டுல தட்டி வெச்சிருக்கா. நாப்பது பக்கம் ஆச்சு. வேற எங்கயும் காப்பி இல்லை. (பேங்க்ல தினமும் பேக்கப் பத்தி சர்க்குலர் படிக்கறவன் வீட்டு லட்சணம் இது :-( )

ஞாயித்துக்கிழமை பொண்ணு பேனல்ல கடிகாரத்தை மாத்திட்டு இருந்தப்போ கரண்ட் போச்சு. யுபிஎஸ் பேட்டரி செத்து ஆறு மாசம் ஆகுது. திரும்பப் போட்டா வால்பேப்பர் மட்டும்தான் வருது. கீழே பேனல் இல்லை, மெனு இல்லை, கடிகாரமும் இல்லை. பக்கத்து மார்க்கெட் கடைப் பையனுக்குப் போன் போட்டேன். முழுசாக் கேக்கறதுக்குள்ளயே "ஃபார்மேட் கர்னா படேகா சார்"னான்.

அந்த வார்த்தை எனக்குப் புதுசு இல்லை. பல வருஷம் முன்னாடி இதே மாதிரி ஒரு கடையில "சரி"ன்னு தலையாட்டினேன். அப்பா கடைசி ரெண்டு வருஷம் எனக்கு எழுதின மெயில்களை ஒரு ஃபோல்டர்ல சேர்த்து வெச்சிருந்தேன், அது போச்சு. இப்ப அப்பாவும் இல்லை.

அதனால இந்தத் தடவை போனை வெச்சுட்டேன். நான் பி.காம்., பொட்டி தட்டற ஆள் இல்லை. ஆனா ட்ரையல் பேலன்ஸ் டேலி ஆகலைன்னா யாராவது லெட்ஜரைக் கொளுத்துவாங்களா? வித்தியாசம் ஒன்பதால வகுபட்டா 54-ஐ 45-ன்னு எழுதியிருக்கலாம். வித்தியாசத்துல பாதித் தொகைக்கு ஒரு என்ட்ரி இருந்தா அதைப் பக்கம் மாத்திப் போட்டிருக்கலாம். முதல்ல தப்பு எந்தப் புத்தகத்துலன்னு சுருக்கணும், அப்புறம்தான் திருத்தணும்.

அதையே இங்கயும் செஞ்சோம். பேனல் இல்லாட்டியும் விண்டோஸ் கீயும் ஈ-யும் அழுத்தினா ஃபைல் மேனேஜர் திறந்துச்சு. முதல் வேலையா ஆச்சி ஃபோல்டரைப் பென் டிரைவ்ல காப்பி பண்ணினோம். டிஸ்க் நிரம்பிப் போனாலும் இந்த மாதிரி வரும்னு அதையும் பார்த்தோம், இடம் இருந்துச்சு. அப்புறம் கன்ட்ரோல் ஆல்ட் எஃப்2 அழுத்தி, கறுப்புத் திரையில புதுசா ஒரு யூசர் உண்டாக்கி, அந்தப் பேர்ல நுழைஞ்சு பார்த்தோம். பேனல் பளிச்சுனு வந்துச்சு! அப்படின்னா சிஸ்டம் நல்லா இருக்கு, கோளாறு எங்க செட்டிங்குல மட்டும்தான்.

லினக்ஸ்ல அவங்கவங்க செட்டிங் அவங்கவங்க ஹோம் ஃபோல்டர்லயே, புள்ளியில ஆரம்பிக்கற பேர்ல ஒளிஞ்சிருக்கும். கன்ட்ரோல் எச் அழுத்தினா தெரியும். 'புள்ளி கான்ஃபிக்' ஃபோல்டருக்குள்ள 'எல்எக்ஸ்பேனல்', அதுக்குள்ள பேனல் ஃபைல். அளவு என்ன தெரியுமா? பூஜ்யம் பைட்! எழுதிட்டு இருக்கறப்போ கரண்ட் போனதால காலியாப் போயிருக்கு. எல்எக்ஸ்பேனல் ஃபோல்டரை அழிக்கலை, பேரை மட்டும் 'பழசு'ன்னு மாத்தினோம். ரீஸ்டார்ட் பண்ணி எங்க பேர்ல நுழைஞ்சோம். சிஸ்டமே புதுப் பேனல் கொடுத்துடுச்சு. மொத்தம் முக்கால் மணி நேரம். நாப்பது பக்கமும் பத்திரம்.

கடைப் பையனைக் குத்தம் சொல்ல மாட்டேன். முன்னூறு ரூபாய்க்கு அவனால அரை நாள் உக்காந்து தப்பைத் தேட முடியாது. அவனுக்கு அது ஒரு மெஷின், அதுக்குள்ள ஆச்சி இருக்காங்கன்னு அவனுக்கு எப்படித் தெரியும்? தெரிஞ்ச நாமதான் "கொஞ்சம் பொறு"ன்னு சொல்லணும். என் கட்சி இதுதான்: ஃபார்மேட்டுங்கறது ரிப்பேர் இல்லை, கணக்கை ரைட் ஆஃப் பண்றது. வசூலிக்க வேற வழியே இல்லைன்னாதான் அதைச் செய்யணும்.

நிஜமாவே ஹார்ட் டிஸ்க் சாகறப்போ இந்த வித்தையெல்லாம் பலிக்காது, ஒத்துக்கறேன். அதுக்குத்தான் பேக்கப். அதுக்காக வால்பேப்பர் மட்டும் தெரியற பொட்டியெல்லாம் செத்த பொட்டி ஆயிடாது.

ஊரை விட்டு வந்த நமக்கு ஊர்ச் சமாச்சாரம் பாதி இந்தப் பொட்டிகளுக்குள்ளதான் இருக்கு. ஒரு ஞாயித்துக்கிழமை பிள்ளைங்களை உக்கார வெச்சு, எந்த ஃபோல்டர்ல என்ன இருக்குன்னு காட்டுங்க. முக்கியமானதை ரெண்டு இடத்துல காப்பி எடுங்க. கெட்டுப் போனா அவங்களையே தேட விடுங்க. பூஜ்யம் பைட்டைக் கண்டுபிடிச்சது நான் இல்லை, என் பொண்ணுதான்.

ராத்திரி அம்மாவுக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னோம். "அழிஞ்சா என்னட்டி, நான் இருக்கேன்லா, திரும்பச் சொல்லுதேன்"னாங்க. பொண்ணு சிரிச்சா. நான் எழுந்து போய் இன்னொரு பென் டிரைவ் தேடினேன்.