கண் நிறுக்காது

சிகாமட்டில் கேம்பர்வேன் வைத்திருக்கும் சில குடும்பங்கள் போன வாரம் கூடிப் பேசினோம். பள்ளி விடுமுறைக்கு எல்லாரும் சேர்ந்து கேமரன் மலைக்குப் போவதாகத் திட்டம். புறப்படும் முன் ஒவ்வொரு வேனையும் முழுச் சாமானோடும் ஆட்களோடும் எடை மேடையில் ஏற்றிப் பார்த்துவிடுவோம் என்றேன். மூத்த ஓட்டுநர் ஒருவர் எழுந்தார். அது லோரிக்காரர்களின் கவலை, குடும்பத்தோடு போகிறவனுக்கு வீண் அலைச்சல் என்று பத்து நிமிடம் பேசினார். பலர் தலையாட்டினார்கள். அந்தத் தலையாட்டலுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அவர் சொன்னதில் ஒன்றுகூடச் சரியில்லை.

“முப்பது வருஷமா ஸ்டியரிங் பிடிக்கிறேன், வண்டியோட பின்பக்கத்தைப் பார்த்தாலே பாரம் தெரியும்” என்றார். நான் செம்பனை ஆலை ஒன்றின் எடை மேடையில் இருபத்திரண்டு ஆண்டுகள் கிராணியாக இருந்தவன். ஒரே தோட்டத்திலிருந்து, ஒரே லோரியில், ஒரே ஓட்டுநர் குலை ஏற்றி வருவார். நிறுவைக்கு முன் அவர் சொல்லும் மதிப்பு அரை டன் தள்ளிப் போவதைப் பல நாள் பார்த்திருக்கிறேன். தினமும் பாரம் ஏற்றுகிறவருக்கே இந்தக் கதி. வருடத்தில் இரண்டு முறை பாய் தலையணையை ஏற்றுகிறவரின் கண்ணை நான் எப்படி நம்புவது? அதோடு, அவர் வேனில் பின்பக்கத்துக்குக் காற்றுப் பை ஸ்பிரிங் போட்டிருக்கிறார். பாரம் ஏறினாலும் வண்டி தாழாமல் நிமிர்ந்தே நிற்கும். உடம்பு நிமிர்ந்துவிட்டதால் அச்சோ டயரோ பிரேக்கோ பலப்பட்டுவிடுவதில்லை. கண்ணை ஏமாற்றும் பொருளைத் தானே மாட்டிவைத்துக்கொண்டு கண்ணையே சாட்சிக்குக் கூப்பிடுகிறார்.

அடுத்து, “டி லைசென்ஸுக்கு 3,500 கிலோ வரைக்கும் அனுமதி இருக்கு” என்றார். இது வெறும் அறியாமை. அந்த 3,500 கிலோ சுமையில்லாத வண்டியின் எடை. யார் எந்த வண்டியை ஓட்டலாம் என்பதற்கு வைத்த கணக்கு. அவருடைய வேன் எவ்வளவு தாங்கும் என்பதை அந்த வேனின் தகடும் பதிவு விவரமும்தான் சொல்லும். ‘பெராட் டெங்ஙான் முவாத்தான்’ என்று லோரியின் பக்கவாட்டில் எழுதியிருக்கிறதே, சுமையோடு சேர்ந்த எடை, அதுதான் பார்க்க வேண்டிய எண். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு மற்றவர்களுக்குப் பாடம் நடத்தக் கூடாது.

“சின்னச் சின்னச் சாமான்தானே” என்றும் சொன்னார். கூட்டிப் பார்ப்போம். தண்ணீர் லிட்டருக்கு ஒரு கிலோ. 100 லிட்டர் தொட்டி நிரம்பினால் 100 கிலோ. 100 ஆம்பியர்-மணி ஈய பேட்டரி ஒன்று ஏறக்குறைய 30 கிலோ. சமையலறையில் வைக்கும் பெரிய கேஸ் தோம்பு நிரம்பியிருந்தால் 25 கிலோவுக்கு மேல். ஐந்து பேர் ஏறினால் 350 கிலோ. கட்டில், அலமாரி, குளிர்பெட்டி, கூரையில் சோலார் தகடு, பக்கத்தில் இழுவைப் பந்தல் எல்லாம் இதற்கு மேல். மயிலிறகே ஆனாலும் அளவு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்று பள்ளியிலேயே படித்தவர்கள் நாம்.

என் அண்ணன் மகனும் இவரைப் போலத்தான் பேசினான். தீபாவளிக்கு முன் அவன் வேனை எடை மேடைக்குக் கூட்டிப் போனேன். குடும்பம் முழுக்க உள்ளே உட்கார்ந்திருக்க, முதலில் முன் சக்கரங்களை மட்டும் ஏற்றச் சொன்னேன்: 1,260. பிறகு முழு வண்டி: 3,180. கடைசியாகப் பின் சக்கரங்கள் மட்டும்: 1,920. தகட்டில் இருந்த வரம்பு 3,000. பின் டயரின் பக்கவாட்டில் பாரக் குறியீடு 106 என்று இருந்தது. ஒரு டயருக்கு 950 கிலோ, இரண்டுக்கும் சேர்த்து 1,900. வண்டியும் மீறியிருந்தது, டயரும் மீறியிருந்தது. அவன் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. அங்கேயே தொட்டியில் 20 லிட்டர் மட்டும் விட்டு மீதித் தண்ணீரை வடித்தோம். ஜெனரேட்டர் 45 கிலோ, கருவிப் பெட்டி 40, இரும்பு அடுப்பும் கரி மூட்டையும் 35, எல்லாம் இறங்கின. மறுபடி ஏற்றினால் 2,980. பின் அச்சில் 1,740.

மொத்த எடை மட்டும் பார்த்தால் போதாது என்பதற்கும் காரணம் இருக்கிறது. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே இரண்டரை மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பின் அச்சைத் தாண்டி ஒரு மீட்டர் தள்ளி 100 கிலோவை வைத்தால் பின் அச்சில் 140 கிலோ கூடும். முன் அச்சில் 40 கிலோ குறையும். வண்டியைத் திருப்புவது முன் சக்கரம். அதன் பிடிப்பைக் குறைத்துவிட்டு மழையில் வளைவு எடுப்பதுதான் இவர் சொல்லும் அனுபவமா?

“பத்து வருஷமா ஒண்ணும் ஆகலை” என்பதுதான் அவருடைய பெரிய ஆயுதம். டயருக்குள் சூட்டில் தளர்ந்த கம்பி தானாக ஆறாது. ஒவ்வொரு பயணத்தின் சேதமும் அடுத்ததோடு சேரும். 2013 ஆகஸ்ட் 21 அன்று கெந்திங் மலையிலிருந்து இறங்கிய பேருந்து பள்ளத்தில் விழுந்து 37 பேர் இறந்ததை இந்த நாடு மறந்திருக்காது. பிரேக் கோளாறோடு இன்னொன்றும் விசாரணையில் தெரிந்தது: 44 பேருக்கு அனுமதி பெற்ற பேருந்தில் 53 பேர் இருந்தார்கள். அதுவும் லோரி அல்ல.

தயாரிப்பாளர் வரம்புக்கு மேலும் கொஞ்சம் தாங்கும்படிதான் செய்திருப்பார் என்கிறார். இருக்கலாம். குழியில் சக்கரம் விழும் நொடிக்கும் குறுக்கே மாடு வரும் நொடிக்கும் வைத்த பலம் அது. நிரந்தரமாகச் சாமான் ஏற்ற அல்ல. தானா ராத்தாவிலிருந்து தாப்பாவுக்கு ஏறக்குறைய 1,400 மீட்டர் உயரம் இறங்க வேண்டும். கூடுதலாக ஏற்றிய ஒவ்வொரு கிலோவையும் அந்த வளைவுகளில் பிரேக்தான் சூடாக வாங்கிக்கொள்ளும்.

சிகாமட்டில் எடை மேடைக்குப் பஞ்சமா? செம்பனை ஆலைகளில் இருக்கிறது. பெரிய பழைய இரும்புக் கடைகளில் இருக்கிறது. கூட்டமில்லாத நேரத்தில் போய் மரியாதையாகக் கேளுங்கள். தண்ணீர், எண்ணெய், சாமான், பிள்ளைகள் எல்லாவற்றோடும் ஏற்றுங்கள். முன் அச்சு, முழு வண்டி, பின் அச்சு என்று மூன்று எண்ணை எழுதிக்கொண்டு, தகட்டோடும் டயரோடும் ஒப்பிடுங்கள். அரை மணி நேர வேலை.

பால்மரம் சீவிய நம் அப்பன் பாட்டன்மார், வாளியில் இருந்த பாலைக் கண்ணால் மதிப்புப் போட்டுக் கூலி கொடுக்கக் கிராணியை விட்டதில்லை. நிறுவைக் கொட்டகையில் முள் நிற்கும்வரை நின்று பார்த்தார்கள். ஒரு நாள் கூலிக்கு அவர்கள் காட்டிய கவனத்தை நம் பிள்ளைகளின் உயிருக்கு நாம் காட்ட வேண்டும். நிறுக்காத வேனில் என் வீட்டார் யாரும் ஏற மாட்டார்கள்.