லான் மோவர் கேக்கறவங்களுக்கு ஒரு வார்த்தை

எங்க ஊரைச் சுத்தி ரெண்டு ஏக்கர், மூணு ஏக்கர்னு தோட்டம் வாங்கிப் போட்ட கோயமுத்தூர்க்காரங்க, சென்னைக்காரங்க இப்ப நிறையப் பேரு இருக்காங்க. ஐப்பசி மழை விழுந்து புல்லு முழங்கால் உசரம் வந்ததும் அவங்க கேக்கறது ஒரே கேள்விதான். "அண்ணா, பெரிய இடத்துக்கு எந்த லான் மோவர் நல்லா இருக்கும்?"

கேள்வியே தப்புங்க. கோவிச்சுக்காதீங்க, காரணத்தைச் சொல்றேன்.

லான் மோவர்ங்கறது லானுக்குப் பண்ணுன சாமான். சமமான தரை, கல்லு இல்லாத மண்ணு, வாராவாரம் வெட்டி ரெண்டு இஞ்சுல நிக்கிற புல்லு, இதுக்குத்தான் அது. உங்க தோட்டத்துல இருக்கறது என்ன? வரப்பு, வட்டப்பாத்தி, விழுந்து கிடக்கற தென்னை மட்டை, பன்னாடை, சொட்டுநீர்க் குழாய், எங்கே பார்த்தாலும் கல்லு. முழங்கால் உசரப் புல்லுக்குள்ள அதைத் தள்ளுனா பத்தடி போறதுக்குள்ள புல்லு சுத்தி மூச்சடைச்சு நின்னுரும்.

ஒரு கணக்கும் போட்டுப் பாருங்க. ஒரு ஏக்கர்னா 43,560 சதுர அடி. மோவர் வெட்டற அகலம் 20 இஞ்சுன்னு வெச்சுக்கிட்டா, ஒரு ஏக்கரை ஒரு தடவை வெட்டி முடிக்க 8 கிலோமீட்டர் தள்ளிக்கிட்டு நடக்கோணும். மூணு ஏக்கர்னா 24 கிலோமீட்டர். அந்த நடையை நடக்கப் போறது நீங்க இல்லை.

என் சண்டையே இந்த இடத்துலதான். மெஷின் வாங்கறவர் ஒருத்தர், அதைத் தூக்கறவர் இன்னொருத்தர். தோட்டத்துக்காரர் சனிக்கிழமை வர்றார், ஞாயித்துக்கிழமை சாயங்காலம் கிளம்பிடறார். மிச்ச அஞ்சு நாளும் மெஷினோட கிடக்கறது தோட்டத்துல குடியிருக்கற ஆளு. ஆனா மெஷின் வாங்கும்போது அவரை யாரும் ஒரு வார்த்தை கேக்கறதில்லை. நெட்டுல பார்க்கறாங்க, எத்தனை சிசின்னு பார்க்கறாங்க, "52 சிசி இருக்கறதுலயே பெருசு, அதையே எடுத்துக்கலாம்"னு ஆர்டர் போட்டுடறாங்க. கார் வாங்கற புத்தியில பிரஷ் கட்டர் வாங்கறாங்க.

பிரஷ் கட்டரை நாள் பூரா ஓட்டுன ஆளோட கையைப் பிடிச்சுப் பார்த்திருக்கீங்களா? அதிர்வுல விரல் மரத்துப் போயிருக்கும். ராத்திரி சோத்தைப் பிசையறப்பக் கூட உணர்ச்சி முழுசா வந்திருக்காது. வருசக்கணக்கா இப்படி ஓட்டுனா நரம்பே கெட்டுப் போகும். காதுக்குள்ள இரைச்சல் நிக்காது. மூணு பல்லு பிளேடு ஒரு கல்லைத் தட்டுனா அது எங்கே போய் அடிக்கும்னு சொல்லவே முடியாது. மெஷினோட வர்ற புத்தகத்துலயே 50 அடிக்குள்ள யாரும் நிக்கக் கூடாதுன்னு போட்டிருப்பாங்க. எங்க பக்கம் லுங்கியைக் கட்டிக்கிட்டு, ரப்பர் செருப்புப் போட்டுக்கிட்டு, வெறுங்கண்ணோட ஓட்டறாங்க. மெஷினுக்கு ஆயிரக்கணக்குல குடுத்தவர் கண்ணாடிக்கும் பூட்சுக்கும் கணக்குப் பார்த்ததோட பலன் இது.

அதனால எந்த மெஷின்னு கேட்டா என் பதில் இதுதான்.

ஒண்ணுல இருந்து மூணு ஏக்கர் வரைக்கும், பெரும்பாலும் புல்லுதான்னா, 35 சிசி நாலு ஸ்ட்ரோக் பிரஷ் கட்டர் போதும். பக்கவாட்டுல தொங்கற மாதிரி, ரெண்டு தோளுக்கும் பட்டை இருக்கற மாதிரி எடுங்க. ரெண்டு ஸ்ட்ரோக்ல பெட்ரோல்லயே ஆயில் கலக்கோணும். மெஷினைப் பொறுத்து லிட்டருக்கு 20 மில்லியோ 40 மில்லியோ இருக்கும். குத்துமதிப்பா ஊத்துனா ஒண்ணு புகையும், இல்லைன்னா பிஸ்டன் பிடிச்சுக்கும். நாலு ஸ்ட்ரோக்ல அந்தத் தொல்லை இல்லை, என்ஜின் ஆயில் அளவை மட்டும் பார்த்துக்கிட்டாப் போதும். முதுகுல சுமக்கற மாடல் மேடு பள்ளத்துல திருப்ப லேசுதான், ஆனா 10 கிலோ முதுகுலயே உக்காந்திருக்கும், சூடும் சேர்ந்து வரும்.

இளம் புல்லுக்கு நைலான் கயிறு, தண்டு தடிச்ச செடிக்கு மட்டும் பிளேடு. சின்னக் கன்னுக்குப் பக்கத்துல ரெண்டும் வேண்டாம், கைக்கதிரால அறுங்க. நைலான் கயிறு பட்டையைச் சுத்தி உரிச்சுட்டா கன்னு காய்ஞ்சுரும். மாசத்துக்கு ஒரு தடவைதான் ஓட்டுவோம்னா டேங்க்குல பெட்ரோலை விட்டு வைக்காதீங்க. இப்ப பங்க்குல வர்றது எத்தனால் கலந்தது, ஈரத்தை இழுத்துக்கிட்டு கார்புரேட்டரைக் கெடுத்துரும்.

அஞ்சு ஏக்கருக்கு மேல தென்னந்தோப்பு, மரத்துக்கு மரம் 25 அடி இருக்குதுன்னா மெஷினே வாங்காதீங்க. டிராக்டர்ல ஸ்லாஷர் மாட்டினவங்க மணிக் கணக்குக்கு வாடகைக்கு வருவாங்க. சொட்டுநீர்க் குழாயை மட்டும் முன்னாடியே ஓரம் எடுத்து வையுங்க.

முக்கியமா ஒண்ணு. கடைக்குப் போறப்ப ஓட்டப் போற ஆளைக் கூட்டிட்டுப் போங்க. அவர் தோள்ல மாட்டிப் பார்க்கட்டும், ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கட்டும். அவருக்குக் கனம்னா அது உங்க தோட்டத்துக்கு ஆகாத மெஷின், அவ்வளவுதான். கண்ணாடி, காது மூடி, கையுறை, முழங்கால் வரைக்கும் பூட்சு இத்தனையும் சேர்த்துதான் மெஷினோட விலை. ஒரேயடியா நாள் பூரா ஓட்டச் சொல்லாதீங்க. வெயிலுக்கு முன்னாடி ரெண்டு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம் போதும்.

"பாம்பு வருமே"ன்னு கேப்பீங்க. நியாயமான பயம்தான், எங்க பக்கம் கண்ணாடி விரியன் இருக்குது. வீட்டைச் சுத்தி, நடக்கற தடம், மோட்டார் ரூம், இந்த இடத்தை ஒட்ட வெட்டுங்க. எலி தங்காம மட்டைக் குவியலை எடுங்க. அதுக்காக மூணு ஏக்கரையும் மொட்டை அடிக்கத் தேவையில்லை.

மிச்ச இடத்துல புல்லு நாலு விரல்கடை நிக்கட்டும். மழைத் தண்ணியையும் மேல்மண்ணையும் பிடிச்சு வைக்கறது அதுதான். வெட்டுனதை மரத்தடியில மூடாக்காப் போடுங்க. கொழுக்கட்டைப் புல்லு முளைச்சிருந்தா உங்களுக்கு அதிர்ஷ்டம்னு நினைச்சுக்கோங்க. எங்க சீமையில கொறங்காடுன்னு வேலி அடைச்ச மேய்ச்சல் காடு உண்டு, காங்கேயம் மாடு வளர்ந்ததே அதுல இருக்கற இந்தப் புல்லை மேய்ஞ்சுதான். பக்கத்துத் தோட்டத்துக்காரர்கிட்ட அறுத்துக்கச் சொன்னீங்கன்னா அவரே வந்து அறுத்துட்டுப் போவார், மெஷினும் வேண்டாம், பெட்ரோலும் வேண்டாம். பார்த்தீனியத்தை மட்டும் பூ விடறதுக்கு முன்னாடி கையுறை போட்டு வேரோட பிடுங்குங்க. கோரையை எத்தனை தடவை வெட்டுனாலும் அடியில இருக்கற கிழங்குல இருந்து திரும்ப வரும், அதோட மல்லுக்கட்டி ஆளைக் கொல்லாதீங்க.

"இவ்வளவு எதுக்கு, மருந்து அடிச்சுட்டா முடிஞ்சது"ன்னு சொல்றவங்களுக்கும் ஒண்ணு. கிளைபோசேட்டை மனுசனுக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளதுன்னு உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2015-லயே வகைப்படுத்தி வெச்சிருக்குது. 2022-ல மத்திய அரசே அதை யார் வேணும்னாலும் அடிக்கக் கூடாதுன்னு கட்டுப்பாடு போட்டுது. அந்த டேங்க்கையும் முதுகுல மாட்டப் போறது அதே ஆளுதான்.

பச்சைக் கம்பளம் விரிச்ச மாதிரி வேணும்னா மொட்டை மாடியில பத்துக்குப் பத்து லான் போட்டு நீங்களே வெட்டிக்கோங்க. தோட்டம்னு வாங்கிட்டா, அது தோட்டமா இருக்கட்டும். அதுல வேலை செய்யறவர் கண்ணும் கையும் நல்லபடியா இருக்கற அளவுக்குப் புல்லு வெட்டுனாப் போதுங்க.