நிச்சயம்தானா?

கம்ப்யூட்டரில் வேலை செய்வோர் ஒரு நாளில் எத்தனை முறை "சரி" என்ற பட்டனை அழுத்துகிறார்கள் என்று யாரும் எண்ணிப் பார்த்திருக்க மாட்டார்கள். திரையின் நடுவே திடீரென்று ஒரு சிறு பெட்டி தோன்றுகிறது, ஏதோ கேட்கிறது, கை தானாகவே சென்று "சரி" சொல்லிவிடுகிறது. அதில் என்ன எழுதியிருந்தது என்று மறுகணம் கேட்டால் பலரும் விழிப்பார்கள். படிக்காதவர்மீது குற்றம் சொல்வது எளிது. எழுதியவர்மீதுதான் பெரும் பங்கு குற்றம் என்பது நம் அபிப்பிராயம்.

2020 ஆகஸ்ட் 11-ம் தேதி அமெரிக்காவின் சிட்டி பாங்கில் நடந்ததைப் பாருங்கள். ரெவ்லான் என்னும் அழகு சாதனக் கம்பெனியின் கடனுக்காக, சுமார் 78 லட்சம் டாலர் வட்டியைக் கடன் கொடுத்தவர்களுக்கு அனுப்ப வேண்டியிருந்தது. அசல் தொகை வெளியே போய்விடாமல் பாங்கின் உட்கணக்கிலேயே நிற்க வேண்டுமானால், திரையில் மூன்று கட்டங்களை நிரப்ப வேண்டும். நிரப்பியது ஒன்றைத்தான். ஒருவர் தயாரித்து, இன்னொருவர் சரிபார்த்து, மூன்றாமவர் சம்மதம் கொடுத்த வேலை இது. முதல் இருவரும் இந்தியாவில் இருந்த ஒப்பந்த ஊழியர்கள். மூவர் கண்ணிலும் பிழை படவில்லை.

கடைசிப் படியில் எச்சரிக்கைப் பெட்டி தோன்றத்தான் செய்தது. பணம் பாங்கை விட்டு வெளியே போகப்போகிறது, தொடரலாமா என்று கேட்டது. வட்டிப் பணம் வெளியேதானே போக வேண்டும்? தொடரலாம் என்று பதில் சொன்னார்கள். போனதோ பாங்கின் சொந்தப் பணம், ஏறத்தாழ 89 கோடி டாலர்! எவ்வளவு தொகை போகிறது என்பதை மட்டும் அந்தப் பெட்டி சொல்லவில்லை. 2021-ல் வெளிவந்த கோர்ட்டுத் தீர்ப்பே இதை எடுத்துக் காட்டியது. சுமார் 50 கோடி டாலரைத் திருப்பித் தர மறுத்தவர்கள் பக்கமே அன்று தீர்ப்பாயிற்று. 2022 செப்டம்பரில் அப்பீல் கோர்ட்டு அதை மாற்றும் வரையில் பாங்குக்கு உறக்கம் இருந்திராது.

இத்தகைய பெட்டியை உண்டாக்குவது பிரமாத வேலை அன்று. விண்டோஸில் "மெஸேஜ்பாக்ஸ்" என்று ஒரே ஒரு வரி போதும். சொல்ல வேண்டிய வாசகம், தலைப்பு, எந்தெந்தப் பட்டன்கள், எந்தச் சின்னம் என்று கொடுத்துவிட்டால், பெட்டி தோன்றி, மனிதர் பதில் சொல்லும்வரை காத்திருக்கும். "ஆம்" என்றால் 6 என்றும், "இல்லை" என்றால் 7 என்றும் புரோகிராமுக்கு எண் வந்து சேரும். வேறெதுவும் குறிப்பிடாவிட்டால் முதல் பட்டனே தயாராக நிற்கும். அவசரத்தில் என்டர் தட்டியவர் "ஆம்" சொன்னவராகிறார்! இரண்டாவது பட்டனைத் தயாராக நிறுத்தி வைக்கவும் வழி உண்டு. அழிக்கிற வேலைகளிலாவது இதைச் செய்யலாமே. இவ்வளவு சுலபமாயிருப்பதுதான் வினை போலும். சிந்திக்க அலுப்பான இடங்களிலெல்லாம் புரோகிராம் எழுதுகிறவர் ஒரு பெட்டியை வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்.

தமிழில் வேறொரு சங்கடமும் சேர்கிறது. "டிக்கெட்டை ரத்து செய்யலாமா?" என்று கேள்வி; கீழே "சரி", "ரத்து" என்று இரண்டு பட்டன்கள். டிக்கெட் வேண்டாதவர் எதை அழுத்துவார்? "ரத்து" என்பதைத்தான் அழுத்துவார்; டிக்கெட் அப்படியே இருக்கும். ஆங்கிலத்தில் இருந்ததை யோசியாமல் பெயர்த்து வைத்ததன் பலன் இது. "டிக்கெட்டை ரத்து செய்", "டிக்கெட் இருக்கட்டும்" என்று பட்டனிலேயே எழுதிவிட்டால் பாட்டிக்கும் புரியும். பழைய மெஸேஜ்பாக்ஸில் பட்டனின் சொல்லை மாற்ற இடமில்லை என்பது உண்மையே. ஆனால் 2007-ல் விற்பனைக்கு வந்த விண்டோஸ் விஸ்டாவிலேயே, நம் விருப்பப்படி சொற்களை இடும் புதுப் பெட்டி வந்துவிட்டது. அந்தச் சமாதானம் இனிச் செல்லாது.

கேளாமலே இருப்பது இன்னும் நல்லது. அழித்த கடிதத்தைக் குப்பைக் கூடையிலிருந்து மீட்க முடியுமானால், "நிச்சயம்தானா?" என்ற கேள்வி எதற்கு? மீட்க முடியாத காரியத்துக்கு மட்டும் பெட்டி தோன்றட்டும். தோன்றும்போது எத்தனை ரூபாய், யாருக்கு என்பதைச் சொல்லட்டும்.

எழுதியதைச் சாதாரண மனிதர் ஒருவரிடம் காட்டிப் பார்க்கும் வழக்கமும் வேண்டும். 1983-ல் வெளிவந்த ஆப்பிள் லிசா கம்ப்யூட்டர் உருவாகிக்கொண்டிருந்தபோது, பெட்டியில் "செய்" என்னும் பொருளில் "டூ இட்" என்று பட்டன் வைத்திருந்தார்கள். சோதனைக்கு வந்தவர்களில் சிலர் அதை அழுத்தவே தயங்கினார்கள். காரணம் கேட்டபோது உண்மை வெளிப்பட்டது: இரண்டு சொற்களும் ஒட்டி நின்றதால் "டோல்ட்", அதாவது மடையன், என்று படித்திருக்கிறார்கள். கம்ப்யூட்டர் நம்மையா திட்டுகிறது என்று ஒருவருக்குக் கோபமே வந்துவிட்டதாம். கொச்சையாயிருக்கிறதே என்று முன்பு ஒதுக்கிய "ஓகே"யை அதன் பிறகே பட்டனில் போட்டார்கள். நாம் நாள்தோறும் அழுத்தும் "சரி" அந்த "ஓகே"யின் தமிழ்தான்.