ஈகையன்று, ஈடே வேண்டும்!

இன்னலுற்றார்க்கு உதவுதல் அறம். ஆனால், இன்னலை விளைத்தவரே உதவ வருங்கால், அவ்வுதவிக்கு ஈகை என்று பெயரிடுதல் அறமாகாது. அது கடன். பட்ட கடனைத் தீர்ப்பவன் நன்றியை எதிர்பார்த்தல் தகுமா? இவ்வெளிய உண்மையை உலக அவைகள் மறந்தமைக்கு எயிட்டி நாட்டில் நேர்ந்த கொடுமையே சான்று.

எயிட்டி, கரிபியன் கடலிலுள்ள சிறு நாடு. அடிமைத் தளையைத் தாமே உடைத்தெறிந்து 1804-இல் விடுதலை கொண்ட கருப்பின மக்களின் நாடு. அவ்விடுதலையைப் பொறாத பிரான்சு, 1825-இல் போர்க்கப்பல்களைக் கொணர்ந்து நிறுத்தி 15 கோடி பிராங்குத் தண்டம் கேட்டது. அடிமைகளை இழந்த முதலாளிகட்கு இழப்பீடாம் அது! பின்னர் 9 கோடியாகக் குறைந்த அத்தண்டத்தின் பொருட்டு வாங்கிய கடன்கள், 1947 வரை அந்நாட்டின் குருதியை உறிஞ்சின. குடிநீர்க் குழாயாகவும் கழிவுநீர்க் கால்வாயாகவும் ஆகியிருக்க வேண்டிய பொருளெல்லாம் அயலார் பெட்டிக்குப் போயிற்று. எயிட்டியரின் வறுமை இயற்கையன்று, பிறரால் இயற்றப்பட்டது.

2010 சனவரி 12-இல் நிலநடுக்கம் அந்நாட்டைக் குலைத்தது. உதவிக் குழுக்கள் உலகெங்கிலுமிருந்து வந்து குவிந்தன. ஆயின், அக்குழுக்களின் கூட்டங்கள் பல ஆங்கிலத்திலும் பிரஞ்சிலுமே நடந்தன. எயிட்டியர் அனைவரும் பேசுவது கிரியோல் மொழி. பிரஞ்சு அறிந்தார் அங்குச் சிறுபான்மையரே. தம் நாட்டின் வாழ்வும் சாவும் முடிவு செய்யப்பட்ட அவையில், மண்ணின் மக்கள் ஊமையராக்கப்பட்டனர்.

அவ்வாண்டு அக்தோபரில் வந்தது அடுத்த இடி. மிரபலே ஊரருகே இருந்த ஐ.நா. அமைதிப்படையின் பாசறையிலிருந்து கழிவு ஓடையிற் கலந்து, ஆர்த்திபோனைட்டு ஆற்றை அடைந்தது. அந்நீரைக் குடித்தும் அதிற் குளித்தும் வயலுக்குப் பாய்ச்சியும் வாழ்ந்த உழவர் குடிகள், காலரா எனப்படும் கக்கல்கழிச்சல் நோய்க்கு இரையாயினர். நூறாண்டுக் காலம் அந்நோய் பதிவாகாத நாட்டில், 2019-க்குள் 8,20,000 பேர் நோயுற்றனர்; ஏறத்தாழ 10,000 பேர் மாண்டனர். அங்குத் தங்கியிருந்த நேப்பாள வீரரும் எளியவரே. தன் படையின் கழிவு எங்குச் சேர்கின்றது என்று பாராத அமைப்பின் மேலதே குற்றம்.

இந்நோய் வெல்லற்கரியதன்று. ஓர் இலிட்டர் தூய நீரில் ஆறு சிறு கரண்டிச் சருக்கரையும் அரைக் கரண்டி உப்பும் கலந்து ஓயாமற் கொடுத்தால், நோயாளருட் பெரும்பாலோர் பிழைப்பர். இதைச் சொல்லப் பட்டம் வேண்டா. கேட்பவரின் தாய்மொழி வேண்டும். எயிட்டியரேயான நலவாழ்வுப் பணியாளர் சிற்றூர்தோறும் நடந்து, கிரியோலிற் சொல்லிப் பல உயிர்களைக் காத்தனர். அயல்நாட்டு மருத்துவர் பலரும் இரவு பகல் பாராது உழைத்தனர். அவர்தம் தொண்டு போற்றற்குரியது.

ஆனால், மருந்து தந்த உலகம் உண்மையைத் தரவில்லை. நோய் எங்கிருந்து வந்தது என்னும் வினா மழுப்பப்பட்டது. உண்மை மறைக்கப்பட்ட இடத்தில் அச்சம் ஆட்சி செய்தது. நோயைப் பரப்பியவர் என்று ஐயுறப்பட்ட மந்திரச் சடங்கினர் நாற்பதுக்கும் மேற்பட்டோர், மக்கள் கூட்டத்தால் அடித்துக் கொல்லப்பட்டனர். மறைப்பும் ஒரு கொலைக் கருவியே.

2011-இல் 5,000 பேர் ஈடு கேட்டு ஐ.நா. அவையை அணுகினர். தன்மேல் வழக்குத் தொடர இயலாது என்னும் தனிக்காப்பைக் காட்டி, 2013-இல் அவ்வவை மறுத்தது. அமெரிக்க வழக்குமன்றங்களும் அத்தனிக்காப்பையே ஏற்றன. உலகுக்கெல்லாம் மாந்தவுரிமை ஓதும் அவைக்கு, ஓர் ஏழை உழவனுக்கு விடை கூறும் கடமை இல்லையாம்!

2016 திசம்பர் 1-இல் அன்றைய பொதுச்செயலர் பான் கீ மூன் மன்னிப்புக் கேட்டார். கிரியோல் மொழியிலும் கேட்டார். ஆறாண்டு கழித்தேனும் அம்மக்களின் மொழி உலகப் பேரவையில் ஒலித்தது நன்றே. ஆயினும், போதிய அளவு செய்யவில்லை என்பதற்கே அம்மன்னிப்பு. நோயைக் கொணர்ந்தமைக்கு அன்று. அறிவித்த 40 கோடித் தாலர்த் திட்டத்திற்கோ நாடுகள் மனமுவந்து தந்தது மிகச் சிறு பங்கே. தூய நீர் வாராத நாட்டில், 2022 அக்தோபரில் அந்நோய் மீண்டும் தலைகாட்டியது.

எனவே, துயருற்ற மக்களுக்குச் செய்யும் தொண்டு மூன்றை உட்கொண்டதாதல் வேண்டும். அவர்தம் மொழியில் அவரோடு பேசுக! நேர்ந்த உண்மையை மறையாது உரைக்க! செய்த தீங்கிற்கு ஈடு தருக! இம்மூன்றும் இல்லாத உதவி, கை நீட்டுவோரைக் கை நீட்டுவோராகவே வைத்திருக்கும் வலையாகும். பிழையை ஒப்பி ஈடு தரும்போதே, ஏழையும் தன்மானமுள்ள மாந்தனாய் உலகின் முன் நிமிர்ந்து நிற்பான்.