துரை பங்களாவில் விடுமுறை

மலைநாட்டில் சொகுசாக விடுமுறை கழிக்க விரும்பும் அன்பர்களுக்கு நாம் கூறுவது இது. டிசம்பர் முதல் மே வரை சிவனொளிபாதமலைப் பருவம். ஆனி, ஆடியில் பெருமழை. காசல்ரீ நீர்த்தேக்கக் கரையில் வெள்ளைத்துரைமாரின் பழைய பங்களாக்கள் இன்று உயர்தர விடுதிகளாய் விளங்குகின்றன. முன்கூட்டியே இடம் பதிவு செய்தல் நன்று.

ஒருநாளை நோட்டன் பிரிட்ஜுக்கும் ஒதுக்குங்கள். பொறியியலாளர் விமலசுரேந்திர கண்ட கனவு, 1950இல் லக்சபானவில் மின்சாரமாயிற்று. அதற்கு நீர் வழங்குவது இங்குள்ள அணைக்கட்டே. அவ்வொளி கொழும்பை விரைந்தடைந்தது. அணையைச் சூழ்ந்த தோட்டத்து லயங்களை அடையவோ நெடுங்காலம் சென்றது. இதனைப் பிள்ளைகளுக்கு எடுத்துரையுங்கள்.

நம்மில் சிலருடைய பாட்டிமார் அப்பங்களாக்களின் வாசலைக் கூட்டியவர்கள். பேரப்பிள்ளைகள் விருந்தினராய் நுழைவது பெருமையே. விளக்குமாறு பிடித்த அக்கரங்களை மறவாது நுழைவதே பண்பு.