கோவையிலையும் கிளினிக் மாத்திரையும்



ஹட்டன் பக்கத் தோட்டமொன்றில் ஓர் அம்மா, கோவையிலைச் சுண்டலை நம்பிச் சீனி வருத்தத்துக்கான மாத்திரையை நிறுத்திவிட்டார். காலில் பட்ட காயம் ஆறாதபோதுதான் கிளினிக் போனார். சீனி கூடியிருந்தது.

கோவையிலை, பாகற்காய், வெந்தயம் ஆகியவை இரத்தச் சீனியை ஓரளவு குறைக்க உதவும். கொத்தலஹிம்புட்டு மரக்குவளையில் இரவு ஊறிய தண்ணீரைக் காலையில் குடிப்பது நம் நாட்டின் பழைய வழக்கம். மாப்பொருள் சீனியாக மாறுவதை அது தாமதப்படுத்துகிறது. ஆனால் இவை மாத்திரைக்கு ஈடாகாது.

மாத்திரையோடு இவற்றையும் எடுக்கும்போது சீனி அளவுமீறிக் குறையலாம். வியர்வை, நடுக்கம் வந்தால் உடனே சீனித்தண்ணீர் குடியுங்கள். கர்ப்பிணிகள் இவற்றை மருந்தாக எடுக்கக் கூடாது.

எந்த இலை, எவ்வளவு என்பதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். இடம்பெயர்வில் கிளினிக் கொப்பி தொலைந்திருந்தால் புதிதாகப் பதியுங்கள். போருக்குப்பின் குடும்பத்தைத் தனியே தாங்கும் உங்கள் உடம்பை நம்பித்தான் பிள்ளைகள் இருக்கிறார்கள்.