அறிவுப் போட்டியா, அம்புச் சூதா?

பரிசுக் குறுக்கெழுத்துப் போட்டி சூதாட்டமன்று, சொல்லறிவை வளர்க்கும் பயிற்சி என்று வாதிடுவோர் நம்மவரிடையேயும் உளர். கட்டணமோ சிறிது, பரிசோ பெரிது. தோற்றாலும் நான்கு சொற்களைக் கற்ற இலாபம் மிஞ்சும் என்பது அவர்கள் கணக்கு. அக்கணக்கைச் சற்றே சரிபார்க்க விழைகின்றோம்.

நேர்மையான குறுக்கெழுத்தில் ஐயத்திற்கிடமான எழுத்தின் வழியே வேறொரு சொல் குறுக்கே செல்லும். அது நம் ஐயத்தைத் தீர்த்துவிடும். கட்டணம் வாங்கும் போட்டியிலோ அந்தக் கட்டத்தைத்தான் குறுக்கே சொல் செல்லாதவாறு தனித்து விடுகின்றனர். 'பெரியோர் இதைப் பொருட்படுத்தார்' என்பது குறிப்பு. இரண்டாம் எழுத்து க, மூன்றாம் எழுத்து ழ். முதலெழுத்து மட்டும் வெற்றிடம். 'புகழ்' என்று நிரப்புவதா, 'இகழ்' என்று நிரப்புவதா? தொல்காப்பியம் கற்றவரும் இதற்கு விடை கூற இயலாது. உறையிலிட்டு முத்திரை வைத்தவர் மனத்தில் எது இருந்ததோ அதுவே விடை! இதற்குப் பெயர் சொல்லறிவாம்.

இத்தகைய இரட்டைக் குறிப்புகள் பதினைந்து இருப்பதாகக் கொள்வோம். ஒன்றுக்கு இரண்டு வழி, இரண்டுக்கு நான்கு, மூன்றுக்கு எட்டு என்று பெருகிப் பதினைந்தில் 32,768 விடைத்தாள்கள் ஆகும். அவற்றுள் ஒன்றே சரியானது. ஒரு தாளுக்கு 25 காசு கட்டணமென்றால், தவறாது வெல்ல விரும்புபவர் 8,192 ரூபாய் செலுத்த வேண்டும். 'நாம் குருட்டாம்போக்கில் நிரப்புவதில்லை, ஆய்ந்தே நிரப்புகின்றோம்' என்பீர்களாயின், அதையும் ஒப்புக்கொள்வோம். பத்துக்கு ஏழு முறை சரியாகக் கணிக்கும் வல்லவரே ஆயினும், பதினைந்தும் ஒருசேரச் சரியாக அமைவது ஏறத்தாழ 210 தடவைக்கு ஒரு தடவைதான். அந்த ஒரு தடவையிலும் வேறு சிலர் அதே விடையை எழுதியிருந்தால் பரிசைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும்.

நாட்டின் சட்டம் இதை அறியாமலில்லை. 1955ஆம் ஆண்டின் பரிசுப் போட்டிகள் சட்டம், மாதப் பரிசின் மதிப்பு 1,000 ரூபாயையும், ஒரு போட்டிக்கு வரும் தாள்கள் 2,000-ஐயும் தாண்டலாகாது என்று வரம்பிட்டது. பெங்களூர் வார இதழொன்றின் வழியே நடந்த ஆர்.எம்.டி.சி. போட்டி பற்றிய வழக்கில், வெற்றி பெருமளவு திறமையைச் சாராத போட்டி சூதாட்டமே என்று 1957இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சூதின் இழிவைக் காட்ட ரிக் வேதத்தையும் மகாபாரதத்தையும் அத்தீர்ப்பு துணைக்கழைத்தது. திருமறையைக் கையிலேந்திய நாம் சாக்குத் தேடிக்கொண்டிருக்கின்றோம்.

நம்மை எழுதத் தூண்டியது நாளிதழ்ப் போட்டியன்று. அதை நாம் எளிதில் புறக்கணித்துவிடலாம். நபிமார்களின் பெயர்களையும் ஸஹாபாக்களின் பெயர்களையும் கட்டங்களில் அமைத்து, மதரஸாக் கட்டட நிதிக்கெனக் கட்டணச் சீட்டு விற்கின்றார்களே, அதுவே நம் நெஞ்சைச் சுடுகின்றது. 'ஏழைப் பிள்ளைகள் ஓதத்தானே இப்பணம்?' என்று கேட்கின்றனர்.

ஜாஹிலிய்யாக் கால அரபிகள் ஆடிய மைஸிர் யாது? ஒட்டகத்தை அறுத்துக் கூறுபோட்டுப் பத்து அம்புகளைப் பையிலிட்டுக் குலுக்கி, ஒவ்வொன்றாய் உருவுவர். 'ஃபத்து' என்னும் அம்புக்கு ஒரு பங்கு. படிப்படியாக உயர்ந்து 'முஅல்லா'வுக்கு ஏழு பங்கு. மூன்று அம்புகளோ வெற்றம்புகள். அவற்றைப் பெற்றோர் தலையில் ஒட்டகத்தின் விலை விழும். வென்றவர் அவ்விறைச்சியைத் தாம் உண்ணாது ஏழைகளுக்கு வழங்கி, அதில் பெருமையடித்துக்கொள்வர். இமாம் ஸமக்ஷரீ தம் 'கஷ்ஷாஃப்' தஃப்ஸீரில் இதனை விளக்கியுள்ளார். ஏழைக்கு உணவாகும் பயன் அதில் உண்டென்பதை ஸூரத்துல் பகராவின் 219ஆம் வசனம் மறுக்கவில்லை. பயனுண்டு, பாவமோ அதனினும் பெரிது என்றது. பின்னர் ஸூரத்துல் மாயிதா அதை அறவே விலக்கிற்று. ஏழையின் பெயர் அன்று ஒட்டக இறைச்சியைத் தூய்மையாக்கவில்லை. இன்று கட்டடச் செங்கல்லை மட்டும் தூய்மையாக்குமோ?

பரிசு என்பதே ஆகாதென்று நாம் கூறவில்லை. குதிரைப் பந்தயத்திற்கும் அம்பெய்தலுக்கும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பரிசை அனுமதித்துள்ளார்கள். அங்கும் பரிசு மூன்றாமவர் ஒருவர் கொடுப்பதாயின் தடையில்லை. போட்டியாளர் யாவரும் பணம் வைத்து வென்றவர் அள்ளுவதே கிமார் என்று ஃபிக்ஹு நூல்கள் பிரித்துரைக்கின்றன. ஆகவே போட்டி நடத்தும் அன்பர்களே, கட்டணத்தை நீக்குங்கள். பரிசுத் தொகையைச் செல்வர் ஒருவரிடம் கேட்டுப் பெறுங்கள். புகழுக்கும் இகழுக்கும் இடையே ஒரு சொல்லைக் குறுக்கே ஓடவிடுங்கள். பின்னர் நமக்கும் ஒரு தாள் அனுப்புங்கள். பென்சிலைச் சீவி வைத்திருக்கின்றோம்.